ஒரு மடக்கு பானகம்

வாய்க்கரிசி போட மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டும் கெங்கம்மாள் எழுந்திருக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து பித்தளைச் சொம்பில் வெல்லத்தை நசுக்கி நசுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவீட்டில் செத்துக்கிடந்தது அவளைப் பெற்ற தகப்பன் பொம்மையா.

"ஏக்கா, எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காவ. இங்கன என்ன செய்யுத?" என்றான் தம்பி செல்வகணேஷ்.

"வாரேன், போலே."

நேற்றுக் காலைவரை மனுஷன் திடமாகத்தான் இருந்தார். ஜக்கம்மா கோயிலுக்குக் காப்புக் கட்டி ஏழாம் நாள். ஆறு நாளும் கஞ்சி உண்டு. கடைசி நாள் மட்டும் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் படக்கூடாது. போன வருஷம் இதே விரதத்தில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டார்; கால் புண் புரையோடி இரண்டு விரலை எடுத்தார்கள். அதைப் பார்த்தவள் இந்த வருஷம் சும்மா விடுவாளா?

"நைனா, மாத்திரைய முழுங்காம வாசல் தாண்டக்கூடாது."

"தண்ணி குடிக்கப்படாதேம்மா."

"ஒரு மடக்குத் தண்ணிக்குச் சாமி கோவிச்சுக்கிடாது. வாயத் தொறங்க."

அவர் திறந்தார். அவள் கையாலேயே போட்டாள்.

மத்தியானம் கோயிலில் உறுமி மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போது அவருக்குக் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்வை ஆறாய் ஓடியது. கண் சொருகி ஏதேதோ உளறினார். 'ஜக்கம்மா வந்துட்டா!' என்று ஒருத்தி கத்த, குலவை கிளம்பிவிட்டது. மழை உண்டா தாயே, மகளுக்கு வரன் எப்போ தாயே என்று ஊரே காலில் விழுந்தது. அறுபது வருஷத்தில் ஒருநாளும் அருள் வராத மனுஷன்! கெங்கம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சாமிக்கென்று கரைத்த பானகத்தை யாரோ சொம்போடு நீட்டினார்கள். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். கெங்கம்மாள் பாய்ந்துபோய்ப் பிடுங்கினாள்.

"சுகர் ஏறிரும்! யாரு குடுத்தது? உங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பதறினால்தான் அவர் வாயில் வீட்டுத் தெலுங்கு வரும். "பானகம் இய்யம்மா" என்றார். கொடம்மா, கொடம்மா என்று கையை நீட்டிக்கொண்டே நின்றார். அவள் அவர் கண் முன்னாலேயே அத்தனையையும் கரிசல் மண்ணில் ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் விழுந்தார். சாமி மலையேறிவிட்டது, உறங்கட்டும் என்று வேப்ப மரத்தடியில் படுக்கப் போட்டார்கள். பொழுது சாய்ந்து கெங்கம்மாள் கஞ்சியோடு எழுப்பப் போனபோது கால் சில்லிட்டுக் கிடந்தது.

இன்று காலையில் நர்ஸ் ஸ்டெல்லாமேரி வந்தாள். மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்பவள் அவள்தான்.

"நேத்து என்ன சாப்பிட்டாவ?"

"விரதம்லா. ஒண்ணும் சாப்பிடல."

"மாத்திரை?"

"விடுவனா? நாந்தான் குடுத்தேன்."

வேர்த்ததா, நடுங்கியதா என்று நர்ஸ் கேட்டாள். எல்லாவற்றுக்கும் கெங்கம்மாள் தலையாட்டினாள்.

"அய்யோ, அது வெறும் வயித்துல மாத்திரை போட்டு சுகர் எறங்கி வர்ற நடுக்கம்லா. ஒரு மடக்கு பானகம் குடிச்சிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாவளே..." சொன்ன பிறகுதான் நர்ஸ் கெங்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள். கெங்கம்மாள் நேரே அடுப்படிக்குப் போனவள்தான்.

இப்போது சொம்போடு வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. தலைமாட்டில் குந்தி, அரிசியைத் தொடாமல், அவர் வாயில் பானகத்தைச் சாய்த்தாள்.

"ஏட்டி, அவியளுக்குச் சுகருல்லா" என்றாள் சின்னம்மா, பழக்கத்தில். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பானகம் உள்ளே இறங்கவில்லை. வாய் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, காதுக்குள் போனது. கெங்கம்மாள் துடைத்துவிட்டு மறுபடியும் சாய்த்தாள். கரையாத வெல்லத் துணுக்கு ஒன்று அவருடைய கீழுதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.