மாமா முன்னால் மாட்டிய டயர்

அக்கா, தூங்கிவிடாதே, இதைக் கேள். நம் மாமா இருபது வருடமாக ஓட்டியது முன்பக்க இஞ்சின், முன்சக்கரம் இழுக்கும் கார்கள். உலகத்தில் எல்லாக் காரும் அப்படித்தான் என்று அவருக்கு நினைப்பு. இப்போது வாங்கியிருக்கும் பழைய காரில் இஞ்சின் பின்னால் இருக்கிறது. பெரிய மேதை, புது டயர் இரண்டையும் முன்னால் மாட்டிவிட்டு, தேய்ந்து மொட்டையான இரண்டையும் இஞ்சினைச் சுமக்கிற பக்கம் விட்டுவிட்டார்.

இன்று மழையில் மலை வளைவில் வேகமாகத் திரும்பியவர், பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அவர் முன்பு ஓட்டிய கார்கள் அதற்கு அடங்கியிருக்கும். இதுவோ பின் டயர்கள் வழுக்க, வாலைச் சுழற்றி எங்களைப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தியது.

"ரோடு சரியில்ல," என்றார் மாமா, பெரிய துரை மாதிரி.

"மாமா, புது டயரப் பின்னால போடுங்க. வளைவுல சட்டுன்னு கால எடுக்காதீங்க," என்றேன்.

"ஏண்டி, சைக்கிளயே ஒழுங்கா ஓட்டத் தெரியாத நீ எனக்குப் பாடம் நடத்துறியா? ஸ்டியரிங் திருப்புறது முன்சக்கரத்தத்தானே!"

வாய் மட்டும் ஃபுல் டேங்க்.

காலையில் அம்மாவை ஆபரேஷனுக்கு அதே வளைவு வழியாகத்தான் கூட்டிப்போகப் போகிறார். அதனால் அவர் குறட்டை விட்டதும் ஜாக்கியை எடுத்துப் போய் டயர்களை நானே மாற்றிவிட்டேன். நாளைக்கு வண்டி ரோட்டைப் பிடித்துப் போனால் தன் கைராசி என்று பீற்றிக்கொள்வார், பீற்றட்டும்.

எனக்குப் பயமே வேறு. எழுந்து வா அக்கா, நட்டுகளை உன் பலத்தில் ஒருமுறை இறுக்கிப் பார்.