தலையணைக்கடியில் ஸ்பேனர்

அப்பாவின் உடலுக்கு ஐஸ் பெட்டி வைக்க இடமில்லையென்று, வாசலை அடைத்து நின்ற பழைய அம்பாசிடரை மூன்று பேரோடு சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தான் அன்புச்செல்வன். வண்டி நகர்ந்ததும் மண்ணில் கறுப்பாக ஈரவட்டம் தெரிந்தது.

“எழவு வூட்லகூட ஒழுவறத நிறுத்தல பாரு,” என்றார் சித்தப்பா.

அப்பா கொளஞ்சியப்பன் வெள்ளிமலைக்கு வாடகை ஓட்டிய வண்டி. கண் மங்கி ஸ்டியரிங்கை விட்டாரே தவிர வண்டியை விடவில்லை. சாயங்காலமானால் அவரும் அம்மா பெரியநாயகியும் முன்சீட்டில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். நிற்கிற வண்டியில்தான். விற்றுவிடலாமென்று அன்பு ஆள் கூட்டிவருவான். வந்தவன் குனிவான், அடியில் ஆயில் சொட்டும். பல் ஆடுகிற மாட்டைப் பார்த்தவன்போல் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவான். கேஸ்கட் மாற்றியாயிற்று, ஆயில் சீல் மாற்றியாயிற்று. மெக்கானிக் கடையில் சொட்டாத வண்டி, ஆள் வருகிற அன்றைக்குத் தவறாமல் சொட்டும். “அதும் ராசி அப்டி,” என்பார் அப்பா.

தியாகதுருகத்துக் கந்தசாமி அன்று விலை பேச வருவதாக இருந்தது. மாலையோடு வந்தார். பிணத்தை ஒரு சுற்று, வண்டியை ஒரு சுற்று. வியாபாரிக்குக் கண் இரண்டும் தனித்தனி வேலை பார்க்கும்.

“துக்க வூட்ல பேசறது தப்புதான் தம்பி. ஒழுவறத மட்டும் பாத்து வையி. நாளைக்கி பால் தெளிச்சதும் வர்றேன்.”

மதியம் குளிப்பாட்டப் பனியனைக் கழற்றினார்கள். முதுகெல்லாம் மண். நகக்கண்ணில் கறுப்பு.

“நெஞ்சுவலிக்காரரு மண்ணுல இன்னா பண்ணாரு?” என்றார் சித்தப்பா.

செத்தவர் தலையணையைப் பிணத்தோடு அனுப்பிவிடுவது வழக்கம். அன்பு அதை எடுக்க உள்ளே போனான். தூக்கியதும் ஸ்பேனர் ஒன்று கட்டிலிலிருந்து நழுவி விழுந்தது.

“யம்மா, இது எதுக்கு இங்க?”

பெரியநாயகி அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

“கந்தசாமி வர்றான்னு நேத்து நீதான சொன்ன. குனியாதிங்க, நெஞ்சு தாங்காதுன்னேன். அப்பறம் நாம எங்கடி போயி குந்தறதுன்னாரு.”

அன்பு தலையணையைக் கொண்டுபோய்ப் பாடையருகே வைத்தான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்தவன், ஈரத்தலையோடு வண்டிக்கடியில் படுத்தான். ஆயில் இறக்குகிற போல்ட் மட்டும் லூசாக இருந்தது. ஸ்பேனரை வைத்து ஒரு இழுப்பு. சொட்டு நின்றுவிட்டது. அவ்வளவுதான். அவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது வண்டிக்கடியில் மண் காய்ந்திருந்தது. செல்போன் அடித்தது.

“பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டேன் தம்பி. ஒழுவு நின்னுச்சா?”

“வாங்க, வந்து பாருங்க.”

அம்மா முன்சீட்டில் தன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சீட்டில் ஸ்பேனர் கிடந்தது. அன்பு கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் மல்லாந்து அடியில் நகர்ந்தான். முதுகில் மண் உறுத்தியது. போல்ட் இளகியது.

“ஜாஸ்தி கழட்டாத,” மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “முக்கா திருப்பு போதும்.”

போல்ட்டின் முனையில் கறுப்பாக ஒரு சொட்டு திரண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, அவன் புறங்கையில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.