கோபுரத்துக்காகக் கதைத்த ஊர்

எங்கள் ஊருக்குக் கரண்ட் வருவதற்கு முன்பே மயில் கொம்பனியின் போன் கோபுரம் வந்துவிட்டது. வீடுகளுக்குக் கூரை இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கதவு இல்லை, ஆனால் போனில் சிக்னல் கோடுகள் நிறைய நின்றன. அந்தப் போனுக்குச் சார்ஜ் ஏற்ற, ஜெனரேற்றர் வைத்திருந்த ஆதம்பாவாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போகவேண்டும். விடத்தல்தீவில் மீள்குடியேற்றம் இந்த ஒழுங்கில்தான் நடந்தது.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் ஊருக்குள் முதலில் வந்தது ஒரு வெள்ளை வான். சண்டைக் காலத்தில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனது வெள்ளை வான்தான். அதைக் கண்டதும் ஆம்பிளைகள் கண்டல் பற்றைக்குள் ஓடி ஒளித்துவிட்டார்கள். இறங்கினவர்களோ சிம் விற்க வந்த பெடியன்கள். அட்டையில் பாய்மரப் படம் இருந்ததால் அவர்களைப் பாய்மரக் கொம்பனி என்றோம். ஒரு சிம் எடுத்தால் ஒரு பிளாஸ்ரிக் வாளி தந்தார்கள். பின்னாலேயே மயில் படம் போட்ட கொம்பனி வந்து குடை தந்தது. எங்களைப் போட்டி போட்டுக்கொண்டு பிடித்துப்போனவர்கள் முன்பும் இருந்தார்கள்தான். அவர்கள் வாளியும் தரவில்லை, குடையும் தரவில்லை. அதனால் சனத்துக்கு இந்தப் போட்டி நன்றாகப் பிடித்துக்கொண்டது.

றஞ்சினிக்கு மட்டும் வாளியும் வேண்டாம், குடையும் வேண்டாம். அவளுக்குக் கோபுரம் வேண்டும். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பிவந்த முதல் மாரியில் அவளுடைய புருசன் அன்ரனியின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. கையில் போன் இருந்தும் பயனில்லை. பாய்மரத்தின் சிக்னல் மன்னாரிலிருந்து எட்டிப்பார்ப்பது. உடைந்த தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். அன்ரனி இரவு முழுக்க வாடைக்காற்றில் அடிபட்டுப்போனான். விடிந்தபிறகு பேசாலைக்காரர் யாரோ கண்டு போட்டைக் கட்டி இழுத்துவந்தார்கள். அந்த இரவு றஞ்சினி கரையில் நின்று கத்தியதை நாங்கள் கேட்டோம். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம்: கடலுக்கு எட்டுகிற கோபுரம் ஒன்று எங்கள் ஊரில் நிற்கவேண்டும்.

அதற்காகவே அவள் கோயிலடியில் தகரம் போட்டு ஒரு கொமினிகேசன் திறந்தாள். ஒரு மேசை, இரண்டு கதிரை, சிம், போனுக்குக் காசு ஏற்றுகிற ரீலோட், அவ்வளவுதான் கடை. மயில் கொம்பனியின் ஏரியா மனேச்சர் ஜெனோஜன் யாழ்ப்பாணத்துப் பெடியன். மன்னார் வெயிலிலும் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வருவான். ஆள் கெட்டவன் இல்லை, ஆனால் எதையும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கோடு போட்டுக் கிராப் கீறித்தான் விளங்கிக்கொள்வான்.

“அக்கா, பாய்மரமும் இஞ்ச ரவர் போட யோசிக்குது. நாங்கள் முந்தவேணும்,” என்றான். “உங்கட ஊர் மாதிரிச் சின்ன ஊரில ரெண்டு ரவர் நிண்டா ரெண்டு கொம்பனிக்கும் நட்டம். அதால முதல் போடுற ஆளுக்குத்தான் ஊர். சனத்திட்ட இருக்கிற பாய்மரச் சிம்மை வாங்கிப்போட்டு எங்கட சிம்மைச் சும்மா குடுங்கோ. முழு ஊரும் எங்கட பக்கம் வந்தா ரவர் வரும்.”

“கடலுக்கு எட்டுமோ தம்பி?”

“நல்லா எட்டும் அக்கா.”

அவளுக்கு அது போதும். வீடு வீடாக ஏறி இறங்கினாள். பாய்மரக்காரன் தந்த வாளியிலேயே பாய்மரச் சிம்களைச் சேர்த்தாள். கிறிஸ்தவப் பக்கம், முஸ்லிம் பக்கம் என்று பார்க்கவில்லை. மாட்டேன் என்றவர்களிடம் அன்ரனியின் கதையைச் சொன்னாள். கடலுக்குப் போகாத வீடு எங்கள் ஊரில் எது? எல்லாரும் கொடுத்தோம். பாய்மரம் காணி பார்ப்பதை நிறுத்திக்கொண்டு போய்விட்டது. மயிலின் கோபுரம் எழும்பியது. பாதர் தீர்த்தம் தெளித்தார், மௌலவி துஆ ஓதினார். அன்று அன்ரனி கரையே தெரியாத தூரத்திலிருந்து போன் அடித்தான். றஞ்சினி கடைக்குள் குந்தி இருந்து அழுதாள்.

எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஊர் கதைக்கவில்லை. கொழும்பில் ஏசி அறையில் இருந்து போட்டித் திட்டம் போட்டவர்களின் மண்டைக்குள் இது ஏறியிருக்க வழியில்லை. நாங்கள் முகாமில் பழகின சனம். இலக்கத்தை அழுத்துவோம், மற்றப் பக்கம் மணி அடித்ததும் வெட்டிவிடுவோம். எடுத்துக் கதைத்தால்தான் காசு. மணி அடிப்பதற்குக் காசு இல்லை. கடலிலிருந்து ஒரு மணி அடித்து நின்றால் மீன் இருக்கிறது, ஐஸ் பெட்டியோடு துறைக்கு வா. இரண்டு மணி என்றால் ஒன்றுமில்லை, பேசாமல் வீட்டில் இரு. வெட்டாமல் அடித்துக்கொண்டே இருந்தால் எஞ்சின் நின்றுவிட்டது, ஆட்களை அனுப்பு. போன் அடித்தால் வீட்டில் ஒருவரும் கை வைப்பதில்லை. சின்னப் பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு எண்ணும். அன்ரனியோடு தொழிலுக்குப் போகிற டொமினிக்கின் கலியாணமே மிஸ்ட் கோலில்தான் முற்றாகியது.

கோபுரம் வந்து வருடம் திரும்ப முன்பே ஜெனோஜன் முகம் கறுத்து வந்தான். ரை இல்லை.

“அக்கா, உங்கட ஊர்ச் சனம் ஊமையோ?”

“ஏன் தம்பி?”

“ஊர் முழுக்க எங்கட சிம். ஒருத்தரும் கோல் கதைக்கிறேல்லை. வாற காசு ரவருக்கு ஊத்துற டீசலுக்கே காணாது. மன்னார் ரவுணில பாய்மரம் நிமிசக் காசை அரைவாசியாக் குறைச்சுப்போட்டான். நாங்களும் குறைக்கவேண்டி வந்திட்டுது. இப்ப நட்டத்தில நிக்கிற ரவரெல்லாம் கழட்டச் சொல்லி மேலிடம் சொல்லுது. இதைக் கழட்டிச் சிலாவத்துறையில போடப் போகினமாம். அங்கதான் பாய்மரம் எங்களை அடிக்கிறான்.”

“கழட்டினா பாய்மரக்காரன் திரும்பி வரமாட்டானோ?”

“வரமாட்டான் அக்கா. ஆளில்லாத ஊர் எண்டு உங்கட ஊரைக் கீறிவிட்டிட்டான்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “இந்த மாசம் முடியிறதுக்குள்ள கோல் ஏறவேணும். ஏறினாக் கதைச்சுப் பாக்கலாம்.”

நாங்களே எங்கள் கையால் ஒருவனைத் துரத்திவிட்டு மற்றவனிடம் மாட்டிக்கொண்டது அப்போதுதான் விளங்கியது. வாளிக்காரன் இருந்திருந்தால் குடைக்காரன் இப்படிப் பேசுவானா?

றஞ்சினி மறுபடியும் வீடு வீடாகப் போனாள். “இனி மணி எண்ணாதேங்கோ. அடிச்ச உடன எடுங்கோ. எடுத்துக் கதையுங்கோ,” என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

மீன் வியாபாரி ஹலீமின் மனுசி சரீபாதான் ஒரு கேள்வி கேட்டாள். “உடன எடுத்தா ஒரு மணியோ ரெண்டு மணியோ எண்டு எப்பிடித் தங்கச்சி விளங்கும்?”

“வாயால சொல்லுவினம் தானே சரீபாக்கா. தமிழிலதான் சொல்லுவினம்.”

எல்லாரும் சிரித்தோம். சரீபாவும் சிரித்தாள்.

பிறகு ஊர் கதைக்கத் தொடங்கியது. அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே வயிறும் எரிகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற பெண் அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்குப் போன் எடுத்து, இன்றைக்கு என்ன கறி என்று கேட்டாள். சரீபா முன் விறாந்தையில் இருந்த ஹலீமுக்குக் குசினியிலிருந்து கோல் எடுத்து, தேத்தண்ணி ஆறுகிறது என்றாள். பாதர் பிரசங்கத்தில், நன்றாகக் கதையுங்கள், பாவசங்கீர்த்தனத்தை மட்டும் போனில் செய்யவேண்டாம் என்றார். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததால் உயிர் தப்பிய சனம் நாங்கள். யார் கேட்கிறான், எங்கே போய்ச் சொல்வான் என்று பயந்து பயந்தே பாதிப் பேச்சை விழுங்கினவர்கள். கதைப்பது ஊருக்கு நல்லது என்று ஒருவர் சொன்னதும் அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்தது.

அன்ரனிதான் எல்லாருக்கும் மேல். பெண்சாதியின் கோபுரம் அல்லவா? கடலில் வலை போட்டுவிட்டுக் கோல் எடுப்பான். றஞ்சினி கடையில் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி ஸ்பீக்கரில் போடுவாள்.

“றஞ்சி, கடல் நீலமாக் கிடக்கு.”

“வேறென்ன?”

“வானமும் நீலம்.”

“ஐயோ, இதைச் சொல்லவோ எடுத்தனீங்கள்?”

“ரவர் நிக்கவேணுமெண்டால் வேறென்னத்தைச் சொல்ல?”

ஒரு நாள் டொமினிக்குக்குக் காய்ச்சல். கரையில் நேவிக்காரரின் சோதனைப் பொயின்றில் பாஸைக் காட்டி அன்ரனி தனியாகவே கடலுக்குப் போனான். காலையில் கோல் எடுத்து வலையில் பட்ட மீன்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு கோயில் பாட்டொன்றை முதலிலிருந்து கடைசிவரை படித்தான். குரல் ஒன்றும் பெரிதாக இல்லை. கடையில் நின்ற எல்லாரும் கைதட்டினோம். போனில் போட்டிருந்த காசு ஒன்றிரண்டு சதம் தவிர அந்தப் பாட்டோடு கரைந்துபோனது. அது எங்களுக்குத் தெரியாது, அவனுக்கும் தெரிந்திருக்காது.

மத்தியானம் திரும்ப அடித்தது. றஞ்சினி இன்னொருவருக்கு ரீலோட் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள். ஊருக்கே அவள்தானே அப்படிச் சொல்லிக் கொடுத்தவள். “றஞ்சி” என்று ஒரு சொல் கேட்டது. பிறகு ஊவென்று காற்று. பிறகு கோல் அறுந்துபோனது.

“இவருக்கு வேற வேலையில்லை. பின்னேரம் வந்து வானத்தைப் பற்றிச் சொல்லட்டும்,” என்று சொல்லிப் போனை மேசையில் வைத்தாள். நாங்களும் சிரித்தோம். மாதம் முழுக்க ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோல் வந்தபடியால், கோல் வந்தால் ஒன்றுமில்லை என்றுதான் எங்களுக்குப் பட்டது. பழைய வழக்கம் என்றால் போனில் கை வைக்காமல் மணியை எண்ணியிருப்போம்.

பின்னேரம் அவள் ஐஸ் பெட்டியோடு துறைக்குப் போனாள். மற்ற போட்டுகள் வந்தன. அன்ரனியின் போட் வரவில்லை. இருட்டத் தொடங்கியதும் அவள் கோல் எடுத்தாள். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் சிங்களத்தில் சொன்னாள், தமிழில் சொன்னாள், இங்கிலிசில் சொன்னாள். திரும்ப எடுத்தாள். அதே மூன்று பாசை. காற்று அவனைக் கோபுரத்தின் கைக்கு எட்டாத தூரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விட்டிருந்தது.

காய்ச்சலோடு போர்வையைப் போர்த்துக்கொண்டு துறைக்கு வந்த டொமினிக் கேட்டான்: “மத்தியானம் அடிச்சவனோ?”

“ஓம். நான் எடுத்தனான். உடன அறுந்திட்டுது.”

டொமினிக் மணலில் குந்திவிட்டான். “அவன் வெட்டாமல் அடிக்கப் பாத்திருப்பான் அக்கா. எஞ்சின் நிண்டிருக்கும். காசு முடியப்போற போனில அது ஒண்டுதானே செய்யலாம். நீங்கள் எடுத்ததோட கிடந்த ரெண்டு சதமும் போயிருக்கும். பிறகு எப்பிடி அடிப்பான்?”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவனுக்கு உறைத்தது. றஞ்சினி கத்தவில்லை. முதல் தடவை கத்தினவள் இந்தத் தடவை கத்தவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள், பிறகு இறக்கினாள், பிறகு திரும்பவும் தூக்கினாள். சரீபா வந்து பெட்டியைப் பறித்து வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மத்தியானமே விளங்கியிருந்தால் நாலு போட்டை எடுத்துக்கொண்டு போய் அவனை இழுத்துவந்திருக்கலாம். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் போட்டுகள் வெளிக்கிட்டிருக்கும்.

அதற்குப் பிறகு ஊர் கதைத்த கதைதான் கதை. நேவிக் காம்புக்கு எடுத்தோம். சிங்களம் தெரிந்த ஆதம்பாவா விடிய விடிய அவர்களோடு கதைத்தார். பேசாலைக்கு, தலைமன்னாருக்கு, ஓலைத்தொடுவாய்க்கு எடுத்தோம். அந்தக் கரையில் இராமேஸ்வரத்துக்கும், மண்டபம் முகாமில் இன்னும் இருக்கிற சொந்தக்காரருக்கும் எடுத்தோம். தேடப்போன போட்டுகளோடு கதைத்துக்கொண்டே இருந்தோம். காசு முடிய முடிய றஞ்சினியின் கடையைத் திறந்து நாங்களே ரீலோட் போட்டுக்கொண்டோம். ஒருவரும் மணி எண்ணவில்லை, ஒருவரும் வெட்டவில்லை. கடைசியில் இராமேஸ்வரத்துப் பக்கத்து மணல் திட்டொன்றில் போட் தட்டி நிற்கிறது என்று செய்தி வந்தது. போட்டுக்குள் வலை இருந்தது, மீன் அழுகிக் கிடந்தது. ஆள் இல்லை.

மாதம் முடிந்து சில நாளில் ஜெனோஜன் கோல் எடுத்தான். றஞ்சினி கறுப்புச் சட்டையோடு கடை வாசலில் இருந்தாள். கடையைத் திறந்து வைத்திருந்தாள் என்பதைத் தவிர அவள் அங்கே இருந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. அவளால் போனைக் காதில் வைக்க முடியவில்லை. சரீபாதான் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா!” என்றான் அவன். சந்தோசத்தில் மூச்சு வாங்கியது. “கிராப் நிமிந்து நிக்குது அக்கா! மாவட்டத்திலயே இந்த மாசம் உங்கட ஊர்தான் முதல். ரவர் கழட்டுறேல்லை எண்டு முடிவெடுத்திட்டினம். பாய்மரமும் மணம் பிடிச்சிட்டுது, உங்கட ஊரில தாங்களும் ஒண்டு போடக் காணி பாக்கினமாம். என்ன அக்கா செய்தனீங்கள்? வாற கிழமை மன்னாரில கூட்டம் இருக்கு. மற்ற ஊர் ஏஜென்ற்மாருக்கும் இதைச் சொல்லிக் குடுக்கவேணும், நீங்கள் கட்டாயம் வாங்கோ.”

சரீபா போனை வெட்டக் கை நீட்டினாள். றஞ்சினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதை மற்ற ஊருக்குச் சொல்லிக் குடுக்காதேங்கோ தம்பி,” என்றாள். “என்ர மனுசன் கடலோட போயிட்டார். அவரைத் தேடித்தான் சனம் இவ்வளவும் கதைச்சது.”

அந்தப் பக்கத்தில் ஜெனோஜன் “ஐயோ அக்கா” என்றான். கோலை அவன் வெட்டவில்லை; நிமிசக் காசு ஏறிக்கொண்டே இருந்தது.