டாக்டர் வீட்டு மேதைகள்

டாக்டருக்கு ஊசி போடத் தெரியாது. அவர் மனிதர்களின் புத்தியை அளப்பவர். சராசரி ஆளுக்கு நூறு மார்க் என்று வைத்துக்கொண்டு, யார் அதற்கு மேலே, யார் கீழே என்று சொல்வதுதான் உளவியல் மையத்தில் அவருக்கு வேலை. தான் எங்கே இருக்கிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை. அதனால் அளந்து பார்த்ததும் இல்லை.

சொந்தமாக ஒரு சோதனையும் தயாரித்திருந்தார். கேள்வி அட்டைகள், சிவப்பு வெள்ளைக் கட்டைகள், ஸ்டாப் வாட்ச், எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஒத்திகை வீட்டில்தான். ஞாயிறு மாலையானால் மனைவியும், மாடியில் குடியிருந்த மச்சினனும் சாப்பாட்டு மேஜைக்கு வரவழைக்கப்படுவார்கள். மச்சினனுக்கு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தரும் வேலை.

ஆரம்பத்தில் இருவரும் நூறைத் தொடவே திணறினார்கள். போகப் போக மார்க் ஏறியது. இப்போது இருவருமே நூற்று நாற்பதுக்கு மேல். டாக்டருக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது: தான். உடனே ‘அறிவார்ந்த இல்லச் சூழலில் நுண்ணறிவு வளர்ச்சி’ என்று ஒரு கட்டுரை எழுதினார். மையத்தில் இயக்குநர் பதவி காலியாக இருந்தது. கட்டுரையோடு விண்ணப்பம் போட்டார். நேர்காணலுக்கு ஆதாரமாக மச்சினனையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தார்.

“மாமா, எனக்கு அன்னிக்கு மூணு கிளாஸ் இருக்கு.”

“மாப்ளே, விஞ்ஞானத்தை விட கியர் பெருசா?”

தேர்வுக் குழு ஐந்து பேர். புத்தி என்றால் என்ன என்பதில் தொடங்கினார்கள். வேகம் என்றார் ஒருவர். ஞாபகம் என்றார் இன்னொருவர். சோதனை எதை அளக்கிறதோ அதுதான் புத்தி என்று மூன்றாமவர் விவாதத்துக்கே கதவைச் சாத்தினார். சூழலுக்குத் தக்கபடி மாறிக்கொள்வது என்று நான்காமவர் ஏசி காற்றில் நடுங்கியபடியே விளக்கினார். குழுத் தலைவியம்மா ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைக் காற்றுப் படாத இடத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

“உங்க சாட்சியைக் கூப்பிடுங்க.”

மச்சினன் கழுத்து டையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். தலைவியம்மா டாக்டர் கொண்டுவந்த அட்டைக் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார்.

“காரில் போகும்போது சீட் பெல்ட் ஏன் போடணும்?”

“ரெண்டும் பழம், மேடம்.”

டாக்டர் இருமினார். கட்டின் முதல் அட்டை, ஆப்பிளும் ஆரஞ்சும் எந்த விதத்தில் ஒன்று என்பது. அதற்கு அது மிகச் சரியான பதில்.

“பதட்டப்படாதீங்க. சோதனைய விடுங்க. உங்களுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?”

“ரெண்டும் மிருகம்.”

பூனையும் எலியும், இரண்டாவது அட்டை. நான்காமவர் குளிரை மறந்து சிரித்தார்.

வீடு திரும்பிய டாக்டர் பெட்டியைத் தொப்பென்று மேஜையில் போட்டார்.

“என் பேரைக் கெடுத்துட்டான் உன் தம்பி! கேள்வியே கேக்காம பதில் சொல்றான்!”

“நாங்க எப்பங்க கேள்வியைக் கேட்டிருக்கோம்?” என்றாள் மனைவி. “வாராவாரம் அதே அட்டை, அதே வரிசை. கட்டைய மட்டும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நடிச்சு அடுக்குவோம்.”

“அதுக்கு மனப்பாடமா பண்ணுவாங்க?”

“மார்க் கொறஞ்சா மூளை வளர்ச்சி பத்தி ராத்திரி வரைக்கும் லெக்சர் அடிக்கறீங்க. மார்க் கூடுனா ஒரே குஷி. பாட்டுப் பாடிக்கிட்டே பாத்திரம் முழுக்கக் கழுவி வெச்சிடறீங்க. நீங்களா இருந்தா எதைப் பண்ணுவீங்க?”

டாக்டருக்குப் பதில் தெரிந்திருந்தது.

அப்போது தலைவியம்மா போனில் வந்தார். பதவி டாக்டருக்கு இல்லை. ஆனால் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதினால் மார்க் எப்படி ஏறுகிறது என்று ஆராய மையத்துக்கு ஒரு ஆள் வேண்டும். “இந்த விஷயத்துல உங்க வீடு மாதிரி அனுபவம் பழுத்த இடம் எங்களுக்குக் கிடைக்காது” என்றார். டாக்டர் போனை வைத்துவிட்டு அட்டைகளை எடுத்துச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தார்.

“ரெண்டு பேரும் வாங்க. வரிசைய மாத்திட்டேன்.”

“அப்ப மார்க் எறங்குமே. பாத்திரம்?”

“எத்தனை மார்க் வந்தாலும் நான்தான் கழுவறேன். போதுமா?”

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்; மாடியிலிருந்து மச்சினனும் வந்தான். டாக்டர் மேல் அட்டையை எடுத்தார். சீட் பெல்ட்.

மச்சினன் முதன்முறையாகக் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டான். நிஜமாகவே யோசித்தான்.

“போடலைன்னா போலீஸ் பிடிப்பான், மாமா.”

உயிர் தப்ப என்றால் இரண்டு மார்க். போலீஸுக்கு ஒன்றுதான்.

“நீயெல்லாம் டிரைவிங் சொல்லித் தர்றே!” என்றார் டாக்டர், ஒன்று போட்டுவிட்டு. வெகு நாளைக்குப் பிறகு அளந்து கிடைத்த மார்க் அது. பாட்டு தானாக வந்தது.