எங்க வூட்ல கட்டுன காயில்

மூன்றாவது அடியிலேயே மோட்டார் புகைந்துவிட்டது.

ரோபோ சண்டைப் போட்டி. இரும்புக் கூண்டுக்குள் எதிராளி ரோபோவைத் தூக்கியெறிய வேண்டிய சுழல் தகடு, கரண்ட் போன ஃபேன் மாதிரி மெல்ல நின்றது. அரையிறுதியில் புள்ளிக் கணக்கில் எப்படியோ தப்பித்து இறுதிச் சுற்றுக்கு வந்தாயிற்று. அதற்கு இன்னும் நாற்பது நிமிடம்.

"காயிலு காலி, மாமு!" சைமன் மோட்டாரை மோந்து பார்த்து முகம் சுளித்தான். "நானே கட்னேன்னு பீத்திக்கினியே. இதான் உன் வேலையா?"

செங்குட்டுவன் உட்கார்ந்து மோட்டாரின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினான். பகலில் எண்ணூரில் எலெக்ட்ரீஷியன் வேலை, மாலையில் பகுதிநேர இன்ஜினீயரிங் என்று முப்பத்து மூன்று வயதில் கல்லூரிக்கு வந்தவன். கூட்டாளிகள் சைமனும் ஜூடியும் பத்து வயது சின்னவர்கள். அவர்கள் முன்னால் கெத்து காட்ட ஒரு பொய் சொல்லியிருந்தான்.

மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியது அவனல்ல. அவன் மனைவி கெங்கம்மா. தண்டையார்பேட்டையில் மோட்டார் ரிப்பேர் கடை நடத்துபவள்.

அவள் இதோ, பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம், புளிசாதத் தூக்கோடு நிற்கிறாள். எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது.

இப்போது உண்மையைச் சொன்னால், எரிந்த மோட்டார் அவள் தலையில் விடியும். சொல்லாவிட்டால், இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

கெங்கம்மா அவனை ஒரு முறை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

செங்குட்டுவன் எழுந்தான்.

"டேய், காயில் கட்னது நான் இல்ல. எங்க வூட்ல, அதோ நிக்கறா பாரு. அதுல ஒரு கொறையும் கெடையாது. தப்பு என்னுது. மோட்டாருக்கும் தகட்டுக்கும் நடுவுல வி-பெல்ட்டு போடுன்னு அவ படிச்சுப் படிச்சு சொன்னா. நீங்க பல் பெல்ட் கேட்டீங்க, நானும் தலையாட்டிட்டேன்."

"பல் பெல்ட்னா வழுக்காது, அடி ஃபுல்லா உழும்னுதானே அண்ணா..." என்று இழுத்தாள் ஜூடி.

"தகடு மாட்டிக்கினா மோட்டாரும் நின்னுடும்மா," கயிற்றுக்கு அப்பாலிருந்து கெங்கம்மா சொன்னாள். "நின்ன மோட்டாருக்கு கரண்ட்டு குடுத்துகினே இருந்தா எரியாம இன்னா பண்ணும்? வி-பெல்ட்டு அந்த நேரம் வழுக்கி வுடும். மோட்டார் பொழச்சிக்கும்."

சைமன் கயிற்றருகே ஓடினான். "அக்கா, ஸ்பேரு மோட்டாரு ரெண்டு கீது. சின்னது நல்ல ஸ்பீடு. பெருசு ஸ்லோ. எத மாட்ட?"

"அஞ்சு கிலோ தகடு. சின்னது அத்த சுத்த ஆரம்பிக்கறதுக்குள்ள மேட்ச்சே முடிஞ்சிடும். பெருச போடு. ரெண்டு பக்கமும் ஒரே சைஸு புல்லி. பெல்ட்டை வெறப்பா இழுக்காத."

கெங்கம்மா முன்பே கொடுத்தனுப்பியிருந்த வி-பெல்ட்டையும் புல்லிகளையும் பெரிய மோட்டாரோடு மாட்டி இறுதிச் சுற்றில் இறங்கினார்கள். தகடு எதிராளியின் இரும்புத் தட்டில் மாட்டியது. 'கீச்'சென்று பெல்ட் வழுக்கியது. புகை? இல்லை! விடுபட்ட தகடு மறுபடி சுற்றியது, மறுபடி அடித்தது. மணி அடிக்கும்வரை ஓடியது. ஒரே புள்ளியில் தோற்றார்கள்.

செங்குட்டுவன் நேராகக் கயிற்றருகே வந்தான்.

"மோட்டார் சூடு எப்டி கீது?" என்றாள் கெங்கம்மா.

"கை வெக்கலாம்... கெங்கா, அந்தப் பொய்யி..."

"எரிஞ்ச அப்புறம்தான் என் பேரு ஞாபகம் வருதா உனக்கு?"

அவன் தலை குனிந்தான். அவள் அவன் சட்டையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டாள்.

"நீ கட்னேன்னே சொல்லிக்கோய்யா, யாரு வேணாங்கறது? பெல்ட்டு மட்டும் நான் சொல்றத போடு."