ஆள் கணக்கு

சோழகக் காற்று தணியவில்லை. நெடுந்தீவுத் துறையில் படகோட்டி பாலசிங்கம் கயிற்றை விடாமல் பிடித்தபடி, இந்தக் கடலில் உங்களில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்ற ஏலாது என்றார். உதைபந்தாட்டப் பயிற்றுநர் மேரிசுகந்தியோடு பதினொரு பெண்கள் நின்றார்கள். அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"உமக்குக் கோல் வேணும் சுகந்தி. எனக்குச் சவம் வேண்டாம்."

ஆட்டம் ஊர்காவற்றுறையில். ஏழு பேர் இருந்தால் ஆடலாம். ஆறாகக் குறைந்தால் நடுவர் நிறுத்திவிடுவார். பாதியில் நின்றாலும் வராததாகத்தான் கொள்வார்கள். கடல் விடாமல் ஏற்கெனவே இரண்டு ஆட்டம் போய்விட்டது. மூன்றாவதும் தவறினால் லீக்கிலிருந்து அணியை நீக்குவதாகச் செயலாளர் இராசநாயகம் போனில் சொல்லியிருந்தார். அணி போனால் சுகந்தியின் வேலையும் போகும். பிறகு பழையபடி நண்டுச் சதை பிரிக்கிற கொட்டில்தான்.

மாவட்ட அணியின் முன்வரிசையில் ஓடியவள் அவள். மாற்ற ஆளில்லை என்று வீங்கிய முழங்காலோடு ஒருநாள் ஆட இறக்கிவிட்டார்கள். சவ்வு அறுந்தது. அதோடு ஓட்டம் முடிந்தது. அதன்பின் நண்டு. நண்டு வெட்டிய விரல்களோடு இந்தப் பிள்ளைகளிடம் வந்தாள்.

ஏழு பேரை ஏற்றினாள். மற்ற நான்கு பேரும் சப்பாத்தைக் கழற்றாமலே துறையில் இருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் பின்வரிசைப் பிரியவதனி விழுந்தாள். அதற்குள் ஐந்து கோல் வாங்கியாயிற்று. வெல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை, முடித்தால் போதும். சுகந்தி நொண்டிக்கொண்டு ஓடிப்போய் அவளுடைய முழங்காலைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே தளர்ந்திருந்தது. அந்தத் தளர்வு அவளுக்குப் புதிதல்ல.

"ஏலாது அக்கா. என்னை வெளியிலை எடுங்கோ."

கோல் காக்கும் பைரவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஓடவேண்டாம் பிள்ளை," என்றாள் சுகந்தி. "கோல் கம்பைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நில்லும். பந்து வந்தாலும் விடும். ஆள் கணக்குக்கு நிண்டால் காணும்."

பிரியவதனி கம்பைக் கட்டிப்பிடித்து ஒற்றைக்காலில் நின்றாள். கொக்கு நிற்குது பார் என்று வேலிக்கு வெளியே ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

முடியும் தறுவாயில் ஒரு பந்து பைரவியின் கையில் பட்டுத் தெறித்துக் கோட்டை நோக்கி உருண்டது. பின்வரிசை தாண்டிப் பந்தைப் போகவிடக் கூடாது என்று மூன்று வருடமாகப் பிரியவதனியை மணலில் ஓடவிட்டுப் பழக்கியவள் சுகந்தி. பிரியவதனி கம்பை விட்டாள். பாய்ந்து, அந்தக் காலாலேயே உதைத்தாள்.

முறிந்த சத்தம் சுகந்தி நின்ற இடம்வரை கேட்டது. நடுவர் ஒருகணம் அங்கே பார்த்தார். பிறகு ஆட்டம் முடிந்ததென்று ஊதிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ வந்தது. பிரியவதனியின் கால் சுகந்தியின் மடியில் கிடந்தது.

"பந்து உள்ளை போகேல்லைத்தானே அக்கா?"

"போகேல்லை."

இராசநாயகம் ஓட்டோவுக்குள் தலையை நீட்டினார். அணி லீக்கில் இருக்கிறது என்றார். பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரிக் கேட்டார்.

"வாற சனியும் ஏழு பேர் கொண்டு வருவீரோ?"

சுகந்தியின் கை அந்த முழங்காலின் மேலேயே இருந்தது.

"ஓம்," என்றாள்.