லேப்டாப்புக்கு மட்டும் அழைப்பு

வாக்குக் கொடுப்பதில் சென்னகிருஷ்ணனை மிஞ்ச ஓசூர் சிப்காட்டிலேயே ஆள் கிடையாது. பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் டெஸ்பாட்ச் மேனேஜர். வண்டியில் சரக்கு ஏறும் முன்பே "கிளம்பிடுச்சு சார், பாதி தூரம் போயிருக்கும்" என்று கஸ்டமரிடம் சொல்லிப் பழகிய வாய். அந்தப் பொய்களைக் கேட்பவனும் நம்புவதில்லை, சொல்பவனும் நம்புவதில்லை, ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை. அருணாவிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது. அவள் நம்பிவிட்டாள்.

அருணா அவருடைய டிபார்ட்மெண்ட்தான். ஆனால் ஆபீஸில் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. கொரோனா சமயத்தில் எல்லோரையும் போல அவளும் வீட்டிலிருந்து, அதாவது தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்திலிருந்து, லேப்டாப்பில் வேலை பார்த்தாள். மற்றவர்கள் ஆபீஸுக்குத் திரும்பியபோது அந்தத் தடத்தில் ஓடிய கம்பெனி பஸ்ஸை நிர்வாகம் நிறுத்தியிருந்தது. "நீங்க வீட்டுலேயே இருந்து பாருங்கம்மா, சௌகரியமா இருக்கும்" என்றார் சென்னகிருஷ்ணன். யாருக்குச் சௌகரியம் என்று அவள் கேட்கவில்லை. வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவாள். மற்றபடி லாரிகளுக்கு பில் போடுவதும், டிரைவர்களோடு போனில் மல்லுக்கட்டுவதும் அவள் பாடு. தமிழா, கன்னடமா, தெலுங்கா, எதிரில் இருப்பவன் எதில் கத்துகிறானோ அதிலேயே அவனைச் சமாதானம் செய்துவிடுவாள்.

போன மாதம் கர்நாடகத்தில் பந்த் நடந்தது. வண்டிகள் எல்லாம் அத்திப்பள்ளியில் வரிசையாக நின்றுவிட்டன. பெங்களூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய கஸ்டமருக்கு அன்றைக்குச் சரக்கு போய்ச் சேராவிட்டால் ஆர்டரே கைவிட்டுப் போய்விடும். சென்னகிருஷ்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அருணா தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டாள். யாரைப் பாகலூர் வழியாகத் திருப்புவது, யாரை மாலூர் பக்கம் சுற்றிவரச் சொல்வது, எந்த ஊரில் ரோட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று விசாரித்து விசாரித்து, பொழுது சாய்வதற்குள் எல்லா வண்டியையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்த மகிழ்ச்சியில் அவர் போனில் சொன்னார்:

"அருணாம்மா, பெரிய காரியம் பண்ணிட்டீங்க. இந்த ஆயுத பூஜைக்கு எம்.டி. வாயால மைக்குல உங்க பேரைச் சொல்ல வெக்கிறேன். பாருங்க."

"அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க சார்" என்றாள். ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. அது அவர் காதில் விழுந்தது. அடுத்த நாளே மறந்தும் போனார்.

அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியெல்லாம் கிட்டே நிற்க முடியாது. மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழை கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். வேலை செய்கிறவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். எம்.டி. சில பேரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவார். பிறகு ஒப்பட்டோடு, அதாவது போளியோடு, சாப்பாடு. இந்த வருஷம் எம்.டி.க்குப் புதிதாக ஓர் எண்ணம். கம்பெனிச் சொத்து எதுவுமே பூஜையில் விட்டுப்போகக் கூடாது, வெளியே இருக்கும் லேப்டாப் உள்பட, என்று உத்தரவு போட்டுவிட்டார்.

சென்னகிருஷ்ணன் 'நம்ம குடும்பம்' என்று பெயர் வைத்திருந்த வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் லேப்டாப் எல்லாம் ஆயுத பூஜையன்று காலையில் கம்பெனிக்கு வந்து சேர வேண்டும். மற்றவர்கள் விவரமானவர்கள். தெரிந்த ஆள் மூலமாகவோ கம்பெனி பஸ் டிரைவரிடமோ கொடுத்தனுப்பிவிட்டார்கள். அருணா மட்டும் பதில் போட்டாள்: "ரொம்ப சந்தோஷம் சார். கண்டிப்பா வர்றோம்."

அவர் கட்டைவிரல் படத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். லேப்டாப் 'வர்றோம்' என்று சொல்லாது என்பது அவருக்கு உறைக்கவில்லை. சாப்பாட்டுக்கு ஆள் கணக்குக் கொடுத்ததும் அவர்தான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை அதில் சேர்க்கவில்லை. வராதவர்களுக்கு எதற்கு இலை? செக்யூரிட்டியிடமும் சொல்லிவைத்தார்: "அவங்க லேப்டாப்பை மட்டும் வாங்கி உள்ள அனுப்புங்க."

பூஜை அமர்க்களமாக நடந்தது. லேத், பிரஸ், ஃபோர்க் லிஃப்ட் எல்லாம் மாலையும் கழுத்துமாக நின்றன. மேஜை மேல் வரிசையாக வைத்திருந்த லேப்டாப்புகளுக்கும் ஆளுக்கொரு சாமந்திப்பூ கிடைத்தது. எம்.டி. மைக்கைப் பிடித்தார்.

"போன மாசம் பந்த் அன்னிக்கு நம்ம வண்டி ஒண்ணுகூட நிக்கலை. கஸ்டமரே போன் பண்ணிப் பாராட்டுனாரு. யாருங்க அதைப் பார்த்துக்கிட்டது?"

எல்லோரும் சென்னகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அருணாவின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது உண்மை. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் யார் அருணா என்று கேட்பார்கள், வரச் சொல்லவில்லையா என்று கேட்பார்கள், ஏன் வரச் சொல்லவில்லை என்றும் கேட்பார்கள். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வம்பு? சாயந்தரம் அவளுக்கு ஒரு போன் போட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போயிற்று.

"எங்க டிபார்ட்மெண்ட்தான் சார்" என்றார்.

எம்.டி. அவரை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் துடித்தது. யார் என்றுகூடப் பார்க்காமல் விரலால் அமுக்கினார்.

பந்தியில் உட்கார்ந்து ஒப்பட்டைப் பிய்த்து நெய்யில் தோய்க்கும்போது மறுபடி போன் வந்தது. லாரி ஆபீஸ்காரன். வடக்கே போன வண்டி தும்கூர் தாண்டிப் பழுதாகி, சரக்கை வேறு லாரிக்கு மாற்றிவிட்டார்களாம். பில்லில் வண்டி நம்பரை உடனே மாற்றாவிட்டால் வழியில் செக்கிங்கில் பிடித்து நிறுத்திவிடுவார்கள். அது அருணா செய்கிற வேலை. அவள் வீட்டில் சும்மாதானே இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டார். அவளுடைய லேப்டாப் பூஜையில் இருக்கிறது என்பதுகூட அவருக்கு அப்போது நினைவில்லை.

"அருணாம்மா, வீட்டுல இருக்கீங்களா? ஒரு அவசரம்."

"இல்லிங்க சார். கேட்டாண்டதான் இருக்கறோம்."

"எந்த கேட்டு?"

"நம்ம கம்பெனி கேட்டுதாங்க சார்."

சென்னகிருஷ்ணன் எழுந்துவிட்டார். இலையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவினார். மேஜை மேலிருந்த அவளுடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். உடைத்த பூசணிக்காயின் சிதறல் கேட்டு வாசலெல்லாம் கிடந்தது.

எதிரே புங்க மரத்தடியில் ஒரு பைக். பக்கத்தில் அருணா நின்றிருந்தாள். அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அவள் புருஷன் மாதேஸ்வரன் தக்காளித் தோட்டம் வைத்திருப்பவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார். சென்னகிருஷ்ணனைக் கண்டதும் இருவரும் கும்பிட்டார்கள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எப்பம்மா வந்தீங்க?"

"காலையிலேயே வந்துட்டோங்க சார். லேப்டாப்பை வாங்கிக்கினாங்க. ஆளுங்க பேரு கணக்குல இல்லன்னாரு செக்யூரிட்டி அண்ணா. புதுசுங்க போல, என்னைத் தெரியல. அவர் மேல தப்பில்லிங்க."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேம்மா."

"போட்டேனுங்க சார்" என்றாள். "நீங்க மேடையில இருந்தீங்க."

மேடையில் இருந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து பார்த்தார். கேட்டுத் தூண் மேல், ரோட்டைப் பார்த்தபடி, ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. ஊருக்கே கேட்கட்டும் என்று அதைக் கட்டச் சொன்னதும் பூஜைக் கமிட்டியில் இருந்த அவர்தான். எம்.டி. கேட்ட கேள்வியும் கேட்டிருக்கும். அவர் சொன்ன பதிலும் கேட்டிருக்கும். கைதட்டலும் கேட்டிருக்கும். இவர்கள் இந்த மரத்தடியில் நின்று, இதோ வருகிறது, இப்போது வந்துவிடும் என்று அந்தப் பெயருக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"சால்வை உங்களுக்குங்களா சார்?" என்றார் மாதேஸ்வரன். "மைக்குல கேட்டுதுங்க. ரொம்ப சந்தோசம்."

அதில் குத்தல் துளியும் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை. சால்வை இன்னும் தன் தோளில்தான் கிடக்கிறது என்பது சென்னகிருஷ்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை எடுத்து மடித்து அவளிடம் நீட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தார். ஒருவர் போட்டுக் கழற்றியதை எடுத்துக் கொடுப்பதா? அது இன்னும் கேவலம். எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"அருணாம்மா, நான் சொல்லணும்னுதான் இருந்தேன்..." என்று ஆரம்பித்தார். எந்தக் கஸ்டமரிடமும் தடுக்கி நிற்காத வாய் அங்கே நின்றுபோயிற்று. "உள்ள வாங்க ரெண்டு பேரும். மொதல்ல சாப்பிடலாம்."

"இருக்கட்டுங்க சார். அவசரம்னீங்களே, என்னங்க?"

அவர் சொன்னார். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. கூப்பிடாமல் வந்தவளை வாசலில் நிற்க வைத்து வேலை வாங்குகிறோம் என்பது முழுசாகப் புரிந்தும் சொன்னார், ஏனென்றால் லாரி அங்கே நின்றுகொண்டிருந்தது.

"பூஜையில வெச்சதை இன்னிக்கு எடுக்கக் கூடாதே" என்றார் மாதேஸ்வரன், மனைவிக்கு மட்டும் கேட்கும்படி. உள்ளே அன்றைக்கு ஒரு ஸ்பானரைக்கூட யாரும் தொடவில்லை.

அருணா லேப்டாப்பை வாங்கி, மூடியில் இருந்த பூவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள். சந்தனம் அழியாமல் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பைக் சீட்டின் மேல் வைத்துத் திறந்து, குனிந்து நின்றபடியே வேலையைத் தொடங்கினாள். கட்டியிருந்த பட்டுப்புடவை மண்ணில் புரண்டது. மாதேஸ்வரன் குனிந்து முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சென்னகிருஷ்ணன் உதவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வேண்டாத ஆளாக ஓரமாக நின்றார்.

வேலை முடிந்ததும் அவள் டிரைவரைக் கூப்பிட்டாள். ஒரு கை இன்னும் லேப்டாப்பில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். திம்மப்பன் என்ற அந்த டிரைவரை அவள் நேரில் பார்த்ததில்லை.

"நம்பர் சேஞ்ச் ஆய்து அண்ணா, நீவு ஹொரடி" என்றாள். மாற்றியாயிற்று, கிளம்புங்கள்.

"தேங்க்ஸ் அக்கா" என்றது லாரி இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல். வைத்துவிடுவான் என்று பார்த்தால் வைக்கவில்லை. "ஹப்ப அல்வா இவத்து. ஊட்டா ஆய்தா அக்கா?"

இன்றைக்குப் பண்டிகையாயிற்றே, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறான். வழியில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறவன் கேட்கிறான்.

அருணா சென்னகிருஷ்ணன் பக்கம் திரும்பவில்லை.

"ஆய்து அண்ணா" என்றாள். "கம்பெனியல்லே ஊட்டா ஹாகித்ரு. ஒப்பட்டு எல்லா இத்து."

கம்பெனியிலேயே சாப்பாடு போட்டார்களாம். ஒப்பட்டெல்லாம் இருந்ததாம். மாதேஸ்வரன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த சென்னகிருஷ்ணனுக்கு ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் புரிந்தது.